கரையாத கரி

ஆவியை வழியனுப்ப, புகையும் யூகலிப்டஸ் கிளையை அம்மாவின் கட்டிலடியில் பிடித்திருந்தாள் ரோண்டா. முந்தின நாள் விடியற்காலை அம்மா போய்விட்டாள். மகள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சில்வெஸ்டர் மாமா சுவரிலிருந்த அம்மாவின் படங்களைக் கழற்றிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் எங்கள் கிம்பர்லிப் பக்கம், துக்கம் கழியும்வரை செத்தவர் முகமும் குரலும் பெயரும் வெளியே வரக்கூடாது. இந்தக் கதையிலும் அந்தப் பெயர் வராது.

வாசலில் உண்மை கேட்கும் குழுவின் பெண் தயங்கி நின்றாள். வெள்ளைக்காரன் செய்ததையெல்லாம் எங்கள் ஆதிகுடிச் சனங்கள் வாயாலேயே சொல்லி, ஊரறியப் பதிவாக்குகிற குழு. இன்று மதியம் ஊர்மன்றத்தில் அம்மாவின் குரல்பதிவைப் போட வேண்டும். நாளைக்குக் குழு இந்த ஊரில் இருக்காது.

"வீட்டுக்காரங்க வேணாம்னா போடமாட்டோம்."

"வேணாம்," என்றார் மாமா. "குரலைக் கேட்டா அவ ஆவி போகாம இங்கயே சுத்தும்."

"மாமா, பதிவு பண்றப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன். 'நான் செத்துட்டாலும் போடுங்கடி, அவனுங்க கேக்கட்டும்'னு அம்மா சொல்லிச்சு. அதுலயே இருக்கு."

"போட்டாத்தானே தெரியும்? போடக்கூடாதே!" மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கவிழ்த்த படத்தின் முதுகையே வெகுநேரம் பார்த்தார். "அவனுங்கதானே கேக்கணும்? கேக்கட்டும். நாம வெளிய நிப்போம்."

மதியம் சொந்தமெல்லாம் மன்றத்துக்கு வெளியே மரநிழலில் நின்றது. ரோண்டா கண்ணாடிக் கதவருகே நின்றாள். சத்தம் வரவில்லை. உள்ளே வெள்ளைக்காரர்களின் முகங்கள் மட்டும் தெரிந்தன.

திடீரென்று எல்லா முகமும் சிரித்தது.

"டீக்குச் சர்க்கரை பத்தலைன்னு அம்மா திட்டுது," என்றாள் ரோண்டா.

"அவ வாய் அடங்குமா!" என்றார் மாமா.

பிறகு முகங்கள் சுருங்கின. பதிவில் இப்போது, அம்மாவின் சின்ன வயதில் வெள்ளைக்காரனுக்குப் பிறந்த வெளிர்நிறப் பிள்ளைகளைப் பிடித்துப்போன போலீஸ் லாரி வந்திருக்கும். அம்மாவைப் பெற்றவள் ஓடிவந்து, கறுப்பாகத் தெரியட்டும் என்று இரண்டு மகள்களின் முகத்திலும் அடுப்புக்கரியை அப்பினாள். அம்மா அழவில்லை, தப்பித்தாள். அம்மாவின் அக்கா அழுதாள். கண்ணீர் ஓடிய இடமெல்லாம் கரி கரைந்து வெளுப்பு தெரிந்தது. அவளைத் தூக்கி லாரியில் போட்டார்கள். அதற்குப்பின் எதற்கும் அழுகையே வரவில்லை என்று அம்மா சொன்னதோடு பதிவு முடியும்.

உள்ளே, ஊரில் கடை வைத்திருக்கும் வெள்ளைக்காரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

ரோண்டா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் கிளை பிடித்த விரலின் கரி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. மாமா அதைப் பார்த்தார். துடைக்கச் சொல்லவில்லை. வீடு போய்ச் சேரும்வரை அது கரையாமல் அப்படியே இருந்தது.