ஏழு மஞ்சள் கயிறுகள்

கெடாருக்கு அப்பால் உள்ள அந்தச் சிற்றூரின் தொடக்கப் பள்ளி, மாவட்டக் கலைப் போட்டிக்குத் தேர்வானது அதுவே முதல் முறை. கும்மிக் குழுவுக்குப் பயிற்சியளித்த ஆசிரியை கலையரசிக்கு அந்தச் செய்தி வந்த நாள் முதல் சரியான உறக்கமில்லை. பணியில் சேர்ந்து இரண்டாவது ஆண்டுதான் ஆகியிருந்தது. எவரிடமும் மறுத்துப் பேசிப் பழகாதவர். "நீங்களே அழைச்சிக்கினு போயிட்டு வந்துடுங்க டீச்சர், எனக்கு அன்னைக்கு மீட்டிங்" என்று தலைமையாசிரியர் விருத்தாசலம் சொன்னபோதும், "சரிங்க சார்" என்றே சொன்னார்.

போட்டி நடந்த இடம் திண்டிவனம். கலையரசி பிறந்து வளர்ந்த ஊர் அது. ஆதலால் வழி தெரியாத பயம் இல்லை. எட்டுச் சிறுமிகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பிக்கொண்டு வர வேண்டும் என்பதுதான் அவருடைய கவலையெல்லாம். வேனில் ஏறும் முன்பே அவர்களை வரிசையாக நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்.

"அங்க போனதும் யாரும் வாயத் திறக்கக் கூடாது. டீச்சர் இன்னா சொல்றேனோ அத மட்டும் செய்யணும். சரியா?"

"சரிங்க டீச்சர்" என்று எட்டுக் குரல்களும் ஒன்றாக எழுந்தன.

வேன் சவுரிராயனுடையது. குழுவில் ஒருத்தியான ஷைனி அவருடைய மகள். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். மற்ற ஏழு பேரின் வலக்கையிலும் மஞ்சள் துண்டு கோத்த கயிறு இருந்தது. ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்காக முந்தின வாரம்தான் காப்புக் கட்டியிருந்தார்கள். கலையரசி அந்தக் கயிறுகளைக் கவனித்திருந்தார். அவர் வளர்ந்த தெருவிலும் கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்வார்கள். சாயம் போனதும் ஒரு நாள் குளிக்கும்போது அறுத்து எறிந்துவிடுவார்கள். இதுவும் அப்படிப்பட்டதுதான் என்று அவர் எண்ணிக்கொண்டதில் வியப்பில்லை.

விக்கிரவாண்டி தாண்டும்வரை வேனுக்குள் ஒரே கலகலப்பு.

"பானு, நீ கை தட்டுனா கொசு கூட சாவாதுடி. கொஞ்சம் கேப்பக் கூழு குடிச்சிட்டு வந்திருக்கலாம்" என்றாள் வெண்ணிலா. ஐந்தாம் வகுப்பு. குழுவில் முதலில் பாட்டெடுப்பவள் அவள்தான்.

"நீ குடிச்ச கூழுக்குத்தான் வேன் ஒரு பக்கமா சாய்ஞ்சிக்கினு போவுது" என்றாள் பானுப்ரியா.

சவுரிராயன் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டியரிங்கில் தட்டினார்.

அரங்கில் அவர்களுடைய முறை வரும் நேரம் நெருங்கியது. பச்சைப் பாவாடை, சிவப்புத் தாவணி, காதில் ஒரே மாதிரியான தோடு என்று ஒவ்வொருத்தியையும் கலையரசி மூன்று முறை சரிபார்த்தார். அப்போதுதான் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒருங்கிணைப்பாளர் அம்மையார் அந்தப் பக்கம் வந்தார். நல்லெண்ணத்தோடுதான் பேசினார்.

"டீச்சர், ஒப்பனை ஒன்னு போல இருக்கணும்னு விதி தெரியும் இல்லீங்களா? ஏழு பேர் கையில கயிறு இருக்கு, அந்தப் பொண்ணு கையில இல்ல. நடுவருங்க அத முதல்ல பாப்பாங்க. மார்க் போயிடும், பாத்துக்கோங்க."

கலையரசி ஷைனியின் வெறுங்கையைப் பார்த்தார். ஷைனியின் கையில் ஒரு மஞ்சள் நூலைச் சுற்றிவிடலாம். ஆனால் பெற்றோரைக் கேட்காமல் ஒரு கிறித்தவக் குழந்தைக்குக் கோயில் கயிற்றைக் கட்டிவிட்டால் அந்தக் குடும்பத்தின் மனம் எவ்வளவு புண்படும்? அவள் தகப்பன் வெளியே வேனில்தான் இருக்கிறார், ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைப்பதற்குள் பள்ளியின் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்துவிட்டார்கள். யாரையும் புண்படுத்தாத வழி ஒன்றுதான் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. கைப்பையில் ஊசி, நூல், சேப்டி பின்னோடு வைத்திருந்த சிறிய கத்தரிக்கோலை எடுத்தார்.

"எல்லாரும் கைய நீட்டுங்க."

முதலில் நின்றவள் வெண்ணிலா. அவள் கத்தரிக்கோலைப் பார்த்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள், விரல்களை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். கயிறு அறுந்து தரையில் விழுந்தபோது அவள் தோள்கள் ஒரு முறை உதறி அடங்கின.

"டீச்சர்..." என்று பானுப்ரியா ஏதோ சொல்ல வந்தாள்.

"பேசக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல. ஜல்தி, கைய நீட்டு."

ஏழு கயிறுகளும் அறுந்து விழுந்தன. சிறுமிகள் மேடை ஏறினார்கள்.

இதற்கு முன் அவர்கள் அப்படி ஆடி அவர் பார்த்ததில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே ஆட வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருந்தார். அன்று ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. கைகள் மட்டும் பலகையில் பலகை மோதுவதுபோல் மோதின. வெண்ணிலாவின் குரல் மேலே மேலே போய், உடையும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. நடுவர்கள் அதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அரங்கம் முழுவதும் கை தட்டியது. கலையரசியின் கண்கள் நிறைந்துவிட்டன. கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பினார். எட்டுப் பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை ஒருத்தி கூடப் பிரிக்கவில்லை.

செய்தி கேட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார் சவுரிராயன். "அடி சக்க, ஜெயிச்சிட்டீங்களா" என்று மகளின் தலையைத் தடவப் போனவரின் பார்வை பக்கத்தில் இருந்த கைகளில் விழுந்தது. ஒவ்வொரு கையாகப் பார்த்தார். அவர் முகம் வெளிறியதைக் கலையரசி கண்டார்.

"டீச்சர், இதுங்க காப்பு எங்க?"

"ஒப்பனை ஒன்னு போல இருக்கணும்னாங்க. ஷைனிக்கு மட்டும் இல்லன்னு... அதனால நான்தான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா, அறுத்துட்டீங்களா?"

கலையரசி கத்தரிக்கோல் இருந்த கைப்பையை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டார்.

"டீச்சர், எம் பொண்ணு கையில மஞ்ச கயிறு இல்ல, மஞ்சளே அரைச்சிப் பூசியிருந்தாலும் நான் ஒன்னும் கேட்டிருக்க மாட்டேனே. அது ஆட்டத்துக்குப் போடற வேசம். இது காப்பு. திருவிழா முடியற வரைக்கும் அவுக்கக் கூடாது டீச்சர். நெருப்பு மிதிச்ச பொறவு கோயில்ல வச்சித்தான் அவுப்பாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெண்ணிலா அப்பாவுக்கு இன்னா பதில் சொல்லப் போறோம்?"

கலையரசி ஓடினார். வாழ்நாளில் பொது இடத்தில் அவர் ஓடியதே இல்லை. மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் அடுத்த குழு நின்றுகொண்டிருந்தது. தரை சுத்தமாகப் பெருக்கப்பட்டிருந்தது. குப்பை எங்கே என்று கேட்டார். சமையலறைக்குப் பின்னால் கொட்டியாகிவிட்டது என்றார்கள். எச்சில் இலைகளுக்கு நடுவே, பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரு கைகளாலும் தேடினார். ஒரு கயிறும் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டு கடந்த பிறகுதான் வெண்ணிலா வாயைத் திறந்தாள்.

"எங்கப்பா நாளைக்கு தபசு மரம் ஏறணும் டீச்சர்."

அவள் தகப்பன் ரஞ்சித்துதான் ஊர்க் கூத்தில் அர்ச்சுனன் வேடம் கட்டுகிறவர் என்பது கலையரசிக்குத் தெரியும். அர்ச்சுனன் தவம் செய்யப் போகும் தபசுக் காட்சி அன்று, தென்னை உயரத்துக்கு நட்ட பனைமரத்தில், பக்கவாட்டில் அடித்த கட்டைகளைப் பிடித்துக்கொண்டு, பாட்டுக்கு ஒரு படியாக உச்சிக்கு ஏறுவார் என்றும் கேள்விப்பட்டிருந்தார். கேள்விப்படாத ஒன்றைச் சவுரிராயன் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். மரம் ஏறுகிறவர் இறங்கி வரும்வரை அவர் வீட்டில் யாருடைய காப்பும் அறக்கூடாது. மேலே இருப்பவரைக் கீழே இருக்கும் அந்தக் கயிறுகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது ஊரின் நம்பிக்கை.

"ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் கலையரசி.

"நீங்கதான் வாயத் திறக்கக் கூடாதுன்னீங்க."

அதில் குற்றச்சாட்டு இல்லை. கேட்டதற்கு ஒரு மாணவி பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் வழியாக வெற்றிச் செய்தி முன்னமே ஊருக்கு எட்டிவிட்டது. கோயில் முன்னால் கூட்டம் நின்றது. பட்டாசுச் சரத்தை விரித்து வைத்திருந்தார்கள். "நான் சொல்றேன் டீச்சர், நீங்க வண்டியிலயே இருங்க" என்றார் சவுரிராயன். கலையரசி தலையை அசைத்து மறுத்துவிட்டு இறங்கினார். கோப்பையை இருக்கையிலேயே வைத்துவிட்டார். கோயில் தர்மகர்த்தா பச்சைமுத்து முன்னால் வந்தார். நடந்தது அனைத்தையும், ஒன்றையும் குறைக்காமல், கை கூப்பியபடியே கலையரசி அவரிடம் சொன்னார். முடித்தபோது யாரோ ஒருவர் குனிந்து பட்டாசுச் சரத்தைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.

திட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். ஒருவரும் திட்டவில்லை.

வெண்ணிலாவின் தாய் அம்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகளின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"மஞ்ச கயித்த அறுக்கறதுன்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? நீங்களும் பொம்பளதான. எம் புருஷன் நாளைக்கு மரத்து மேல நிக்கணும்."

"தப்புதாங்க. தெரியாம செஞ்சுட்டேங்க."

"விடு அம்மணி" என்றார் ரஞ்சித். விரதத்தில் இருந்ததால் தாடி வளர்ந்து, கண்கள் உள்ளே போயிருந்தன. "பாப்பா நல்லா ஆடுச்சாங்க டீச்சர்?"

கலையரசி தலையை மட்டும் அசைத்தார்.

பச்சைமுத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு ஆளு இருக்காரு, மரம் ஏறுவாரு. சொல்லி அனுப்பட்டுமா?"

"விரதம் இருந்தது நானு. நான்தான் ஏறுவேன்."

"அப்ப திரும்பக் கட்டிடலாமா? அறுத்தத திரும்பக் கட்ட மொற இருக்குதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்குத் தெரிஞ்சி யாரும் அறுத்ததே இல்லியே, மொறைக்கு எங்க போறது" என்றார் பச்சைமுத்து. "இது பெரிய பேஜாரா இருக்குதே."

அம்மணிதான் பேசினார்.

"நான் சொல்றேன் மொற. அறுத்த கையே கட்டட்டும். பூசாரி வேணாம். கட்டிட்டு, அவரு ஏறி எறங்குற வரைக்கும் தண்ணி பல்லுல படாம மரத்தடியில என் பக்கத்துலயே நிக்கட்டும். அவருக்கு எதுனா ஆச்சின்னா முதல்ல இவங்க கண்ணு பாக்கட்டும்."

தர்மகர்த்தா வேண்டாம் என்பார், ஆசிரியை என்ற மரியாதையாவது காட்டுவார் என்று கலையரசி நினைத்தார். அவர் திரும்பி, "டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

"நிக்கிறேங்க" என்றார் கலையரசி. அது தம் குரல்தானா என்று அவருக்கே ஐயமாக இருந்தது.

மறுநாள் காலையில் கோயிலில் ஏழு கைகளிலும் கயிறு கட்டினார். வெண்ணிலாவின் முடிச்சு மட்டும் மூன்று முறை அவிழ்ந்துகொண்டது. அவள் பொறுமையாகக் கையை நீட்டியபடியே நின்றாள். இந்த முறை விரல்களை மூடவில்லை.

வெயில் சற்றுத் தாழ்ந்ததும் ரஞ்சித் காவி வேட்டியோடு மரத்தைச் சுற்றி வந்து முதல் கட்டையில் கால் வைத்தார். சுற்றுப்பட்டு ஊர்ச்சனம் முழுவதும் நிலத்தில் நிரம்பியிருந்தது. மரத்தடியில் கலையரசி, அவர் பக்கத்தில் அம்மணி. ஒரு பாட்டு, ஒரு படி. அடுத்த பாட்டு, அடுத்த படி. கயிற்றில் நம்பிக்கையில்லாதவர் கலையரசி. நேற்றுவரை அப்படித்தான். இப்போது மனிதக் கூட்டத்தில் வெண்ணிலாவின் கை எங்கே இருக்கிறது என்று கண்கள் தாமாகவே தேடின.

பாதி உயரத்துக்கு மேல் போனதும் ரஞ்சித்தின் வலது கால் ஒரு கட்டையைத் தேடியது. கால் பட்டதும் அது சுழன்றது. அவர் உடல் மரத்தைவிட்டு ஒரு முழம் விலகியது. பாட்டு நின்றது. மத்தளம் நின்றது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு குழந்தையும் அழவில்லை.

கலையரசி தம் மணிக்கட்டில் எதுவோ குத்துவதை உணர்ந்து குனிந்தார். அம்மணியின் நகங்கள் தோலுக்குள் இறங்கியிருந்தன. அம்மணியின் கண்கள் மேலேயே இருந்தன. உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. கலையரசி தம் மறு கையை அந்தக் கையின்மேல் வைத்து அழுத்தினார். விலக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தார். அம்மணி விலக்கவில்லை.

மேலே, ஒற்றைக் கையில் தொங்கிய உடல் மெல்ல மரத்தோடு ஒட்டியது. கால் அடுத்த கட்டையைக் கண்டது. மிதித்துப் பார்த்தது. நின்றது. மேலிருந்து ரஞ்சித்தே அடுத்த பாட்டின் முதல் அடியை எடுத்தார். கீழே இருந்தவர்களுக்குப் பின்பாட்டு வரவில்லை. இரண்டாம் அடியில்தான் அவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அவர் உச்சிக்குப் போனார். எலுமிச்சம்பழங்களும் திருநீறும் வீசினார். முந்தானைகள் விரிந்தன, கூச்சலும் குலவையும் எழுந்தன. மரத்தடியில் நின்ற இருவர் மட்டும் எதையும் ஏந்தவில்லை. அவர் இறங்கி வந்து, மண்ணில் பாதம் பதித்து, மனைவியைப் பார்த்துத் தலையை அசைத்த பிறகுதான் அம்மணி பிடியைத் தளர்த்தினார்.

கலையரசியின் மணிக்கட்டில் நான்கு பிறைகள் சிவந்திருந்தன. அம்மணி அதைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் விடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தில் நின்ற மகளைக் கையசைத்து அழைத்தார்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடம் உண்டுங்களா டீச்சர்?"

உண்டு என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். கலையரசி வாயைத் திறந்தார். காலையிலிருந்து தண்ணீர் படாத நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல தண்ணி கொண்டாடி" என்றார் அம்மணி மகளிடம்.