கண்ணாடிக் கழுத்துக்குச் சூடு காட்டுகிறவள்

1

இந்தக் கதை பொறாமையிலிருந்து வந்தது. ஆம்பூரில் நானும் ரஃபத் ஜஹானும் ஒரே பலகையில் எழுதப் பழகியவர்கள். ஐந்தாவதோடு என்னை நிறுத்தி, தோல் பதனிடும் ஷாப்பில் கடுக்காய் உடைக்க அனுப்பினார்கள். அவளையும்தான் நிறுத்தினார்கள். ஆனால் அவளுக்கு வீட்டிலேயே சொல்லித்தர, மதராசில் ரசாயனம் படித்த அண்ணன் இருந்தார். (எனக்கும் அண்ணன் உண்டு. ஜோலார்பேட்டையில் ரயிலுக்குக் கரி அள்ளுகிறான்.)

2

முதல் தொடக்கம்: குளிர்ந்த நீர் ஓடும் குழாய் வழியே ஆவி இறங்கி, சொட்டுச் சொட்டாக

அடித்துவிட்டேன். அத்தர் காய்ச்சத்தான் அது சரி. அவள் அண்ணன் இஷ்தியாக் காய்ச்சுவது கடுக்காயிலிருந்து எடுத்த உப்பு. போட்டோ கழுவுகிறவர்கள் வாங்குவது. கொதிக்கும் தண்ணீரின் சூட்டிலும் அது உருகாது. சும்மா காய்ச்சினால் கருகும். அதனால் பம்பால் குடுவையின் காற்றை உறிஞ்சிவிட்டுக் காய்ச்ச வேண்டும். ஆவி குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டால் அங்கேயே கல்லாகிவிடும். ஆகவே ஒருத்தி குடுவையின் கழுத்துக்கு ஸ்பிரிட் விளக்கால் சூடு காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஒருத்தி நான். வெப்பமானி பார்ப்பவள் ரஃபத்.

3

மறுபடியும். ரஃபத் குனிந்து வெப்பமானியைப் பார்க்கிறாள். பூவு விளக்கைப் பிடித்திருக்கிறாள். (பூவு நான்தான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொறாமை ஒட்டவில்லை.)

"இன்னாடி, வெளக்கைப் பாக்காம என் மூஞ்சைப் பாக்கற?"

"உன் மூக்குல கரி."

"பொய்! பாய்ஜான், இவ பேஜார் பண்றா."

"ரஃபத் இல்லாட்டி எனக்குக் கையே ஓடாது" என்கிறார் அண்ணன், பம்பை அடித்தபடி. விளக்குப் பிடித்தவளைப் பற்றி அவர்

(இதை முடிக்க மனமில்லை.)

4

ஒரு முடிவு: விளக்கு அணைகிறது. கழுத்து வெளுத்து அடைத்துக்கொள்கிறது. அடியில் நெருப்பு எரிகிறது, ஆவிக்கு வழியில்லை. தக்கை தெறிக்கிறது. குனிந்திருப்பது ரஃபத்தின் முகம்.

இதை எழுதும்போது கை நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொரு முடிவு: "தள்ளிப் போடி!" என்று பூவு கத்துகிறாள். ரஃபத் தப்பிக்கிறாள். எல்லோரும் பூவுவைப் புகழ்கிறார்கள். இதையும் பொறாமைதான் எழுதியது.

5

மூன்றாம் பகுதி போன வாரம் நடந்தது, வெறும் குடுவையில், ஒத்திகையாக. நான்காவது நடக்கவில்லை. உப்பைப் போட்டுக் காய்ச்சுவது நாளைக் காலை.

விளக்கை நிரப்பி எடுத்து வரச்சொல்லி ரஃபத் என்னிடம் கொடுத்தாள். "உன் கைதான்டி ஆடாது. வேற யாரையும் நம்ப மாட்டேன்."

விளக்கு என் முன்னால் இருக்கிறது. பாதிதான் ஸ்பிரிட். பாதி விளக்கு பாதிக் காய்ச்சலிலேயே தீர்ந்துவிடும். ஸ்பிரிட் புட்டி எட்டும் தூரத்தில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்வரை நான் ஊற்றவும் வேண்டாம், ஊற்றாமல் விடவும் வேண்டாம்.

இந்தா, இதைப் படிக்கிற நீ பென்சிலைப் பிடி. எனக்குக் கை காலியாக வேண்டும்.