விரலுக்கடியில் ஒரு புள்ளி

ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அரை மதிப்பெண்ணைக் கழித்துவிடும் தமிழ் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் புள்ளி டீச்சர். கணினி வாத்தியார் வேலையை விட்டுப் போனதும் பள்ளியின் ஒன்பது கணினிகளும் அவர் தலையில் வந்து விழுந்தன. அவருக்கோ தட்டச்சில் ஓர் அட்சரம் தெரியாது. அதற்காக அசந்துவிடுகிற ஆளா? இணையத்தில் காசு கேட்காத பயிற்சித் தளம் ஒன்றைத் தேடிப் பிடித்து, பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்துவிட்டார். திரையில் மேலிருந்து எழுத்துகள் விழும். தரையைத் தொடுவதற்குள் தட்ட வேண்டும். முதல் வாரப் பட்டியலில் டீச்சருக்குக் கடைசிக்கு முந்தின இடம். கடைசி, கோழி.

கோழி எட்டாம் வகுப்புப் பெண். ஒற்றை விரலால் கொத்திக் கொத்தித் தட்டுவாள். தளம் பெயர் கேட்டபோது அந்தப் பெயரைக் கொடுத்ததும் அவளேதான்.

"கீழ பாக்காதடி!" என்று டீச்சர் தன் கைக்குட்டையை அவள் கைகளின் மேல் போர்த்தினார்.

"அப்புறம் எழுத்து எங்க இருக்குன்னு எப்படி டீச்சர் தெரியும்?"

"இடது ஆள்காட்டி விரலை நகர்த்திப் பாரு. சின்னதா ஒரு மேடு தட்டுதா? அதை அழுத்து."

அழுத்தினாள். திரையிலிருந்த 'க'வின் தலையில் புள்ளி ஏறியது. டீச்சருக்கே அப்போதுதான் உறைத்தது. "அடி சக்கை! மேட்டுப் புள்ளி இருக்கிற எடத்துலயே எழுத்துப் புள்ளியை வச்சிருக்கான் பாரு!" என்று துள்ளியதில் அவர் நாற்காலி சுவரில் போய் இடித்தது. அன்றிலிருந்து கோழியின் விரல் எங்கே மேய்ந்தாலும் அந்த மேட்டுக்கே திரும்பி வந்தது; மற்ற விரல்களும் ஒவ்வொன்றாக வேலைக்கு இறங்கின.

பருவம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தலைமையாசிரியர் கணினி அறைக்கு வந்து நின்றார். உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்க அவருக்கு ஓர் அறை வேண்டும்.

"பாடம் நடத்தச் சொன்னா விளையாட்டுக் காட்றீங்களா?"

"யாரை வேணும்னாலும் சோதிச்சுப் பாருங்க சார். தட்டச்சு வரலைன்னா அறையை எடுத்துக்குங்க." டீச்சரின் வாய் முந்திக்கொண்டது.

தலைமையாசிரியர் சுவரில் ஒட்டியிருந்த முதல் வாரப் பட்டியலின் அடியில் விரலை வைத்தார். "இந்தக் கோழி யாரு? வா. மேலிடத்துக்கு அனுப்பப்போற கடிதம். சொல்றேன், அடி." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எம் பள்ளி மாணவர்களுக்குத் தட்டச்சு வரவில்லை. ஆகவே, கணினி அறையை மூடிவிட அனுமதி வேண்டுகிறேன்..."

கோழியின் கை நின்றுவிட்டது. டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கைக்குட்டையை எடுத்து அவள் கைகளைப் போர்த்தினார்.

அப்புறம் கோழி நிற்கவில்லை. தலைமையாசிரியர் வேகத்தைக் கூட்டினார்; அவளும் கூட்டினாள். கண் அவர் முகத்தில், பத்து விரலும் துணிக்கடியில். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

அச்செடுத்த தாளைத் தலைமையாசிரியர் சிவப்புப் பேனாவோடு இரண்டு தடவை படித்தார். ஒரு புள்ளி, ஓர் ஒற்றுகூட விட்டுப்போகவில்லை. புள்ளி டீச்சரே திருத்தினாலும் அரை மதிப்பெண் கழிக்க வழியில்லை.

"பிழையே இல்லையே," என்றார்.

"இருக்கு சார்," என்றாள் கோழி. "முதல் வரியில. ஆனா அது நீங்க சொன்னது."

"ஏய்!" என்று டீச்சர் அதட்டினார். பெருமையில் அதட்டல் பாதியிலேயே நின்றது.

தலைமையாசிரியர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு 'வரவில்லை' என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார். "திருத்தும்மா. 'வந்துவிட்டது'ன்னு போடு. மூடுற வரியை எடுத்துடு. இன்னும் நாலு கணினி வேணும்னு எழுது."

கைக்குட்டையைப் போர்த்த டீச்சர் குனிந்தார்.

"எனக்கு வேணாம் டீச்சர்," என்றாள் கோழி. "நீங்க கண்ணைத் துடைச்சுக்குங்க."