ஐந்து இருபத்தொன்பது பூசணி

அந்தப் பள்ளத்தாக்கில் மர லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு ரோஷம் உண்டு. பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட இரவல் கொடுத்துவிடுவார்கள்; பின் ஆக்சிலில் எத்தனை பல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அடுத்தவனைச் சொல்ல விடமாட்டார்கள். மெக்கானிக்கே ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டதை மாட்டித் தர வேண்டும். லவோன் ராஸ்குக்கு அந்த ரோஷம் ஒரு படி கூடுதல். தேவதாரு மரம் ஏற்றிக்கொண்டு அந்த மலையிலிருந்து இறங்குகிற ஒரே பெண்பிள்ளை, விட்டுக்கொடுப்பாளா?

அவளுடைய லாரிக்கும் ஆர்விட்டின் பட்டறைக்கும் பத்தொன்பது வருஷப் பழக்கம். அவளுக்கும் ஆர்விட்டுக்கும் என்ன பழக்கம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். உண்மையில் ஒன்றுமே இல்லை, அதுதான் கொடுமை. அவளைக் கல்யாணம் செய்தவன் ஒரே வருஷத்தில் அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போனான். மீனும் வரவில்லை, அவனும் வரவில்லை. ஆர்விட் கல்யாணமே செய்துகொள்ளாமல் ஐம்பத்தாறைத் தொட்டுவிட்டான். வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரத்தைத் தட்டோடு கொண்டுவந்து பட்டறை மேஜையில் வைப்பாள். அவன் தட்டைக் கழுவித் திருப்பித் தருவான். பத்தொன்பது வருஷமாக இதே கதை.

ஏப்ரலில் அவளுடைய லாரியின் எஞ்சின் வெடிப்பு விட்டுப் படுத்துவிட்டது. அதே வாரம் நெப்ராஸ்காவிலிருந்து தங்கை கெய்லீன் போன் செய்தாள். புருஷன் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டானாம். நானூறு ஏக்கர் குதிரைமசால் தீவனப் புல் அறுவடைக்கு நிற்கிறதாம். நீ லாரியோடு வந்துவிடு, மாடியறை உனக்குத்தான், இங்கேயே இருந்துவிடு என்றாளாம். லவோன் பட்டறைக்கு வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தக்காளி விலை சொல்வதுபோல இதைச் சொன்னாள்.

ஆர்விட் கையிலிருந்த நட்டைத் தப்பான போல்ட்டில் மாட்டினான். "அப்படியா?" என்றான்.

டயர் கடை கிளெம் பக்கத்தில் நின்றிருந்தான். எங்கே பேச்சு நடந்தாலும் மூக்கை நுழைக்கிற ஆள். "அப்போ புதுசா ஒண்ணு போடு லவோன். கம்ப்யூட்டர் வெச்ச எஞ்சின் வந்திருக்கு, நானூத்தி முப்பது குதிரை சக்தி. நெப்ராஸ்காவுக்குப் பறந்துக்கிட்டே போகலாம்."

"எழுபத்திரண்டாம் வருஷத்து லாரிடா அது," என்றான் ஆர்விட். எஞ்சின் பேச்சு என்றால் மட்டும் அவனுக்கு வாய் வரும். "நானூத்தி முப்பது குதிரையை அதுல கட்டினா கியர்பாக்ஸ் ஒரு பக்கம் போகும், ஆக்சில் ஒரு பக்கம் போகும், இவ நடுவுல நிப்பா. குதிரைக் கணக்கைப் பாத்து ஏமாறக் கூடாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பூசணி, மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும். குடும்பம் நடத்துற மாதிரி."

"குடும்பம் நடத்தினவன் சொல்றான், கேட்டுக்கோ!" என்று கிளெம் சிரித்தான். லவோன் சிரிக்கவில்லை.

பின் ஆக்சிலின் நடுவில் குண்டாக உட்கார்ந்திருக்கும் கியர் கூட்டை அங்கே எல்லோரும் பூசணி என்றுதான் சொல்வார்கள். லவோனின் லாரிக்கு இரட்டை ஆக்சில், ஆகவே ஜோடிப் பூசணி. ஆர்விட்டின் கொட்டகையில் இரண்டு ஜோடி கிடந்தது. ஒன்று நாலு பதினொன்று: எஞ்சினிலிருந்து வரும் தண்டு நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். மற்றது ஐந்து இருபத்தொன்பது. அதில் தண்டு ஐந்தேகால் தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. முதலாவது நெடுஞ்சாலைக்காரனுக்கு, அறுபத்தைந்து மைல் வேகம் போகும். இரண்டாவது மலைக்காரனுக்கு. சுமையோடு சுவரில்கூட ஏறும்; ஆனால் ஐம்பதுக்கு மேல் தலைகீழாக நின்றாலும் போகாது.

எஞ்சின் விஷயம் சீக்கிரம் முடிந்தது. விபத்தில் நொறுங்கிய ஒரு லாரியிலிருந்து கழற்றி வைத்த கம்மின்ஸ், முந்நூற்றைம்பது குதிரை. வேகம் குறைவாக இருக்கும்போதே இழுவை வந்துவிடும், முரண்டு பிடிக்காது. கியர்பாக்ஸ் விஷயத்தில் லவோன் அசையவில்லை. "என் ரெட்டைக் கம்பு அப்படியே இருக்கட்டும். ரெண்டு கையும் ரெண்டு கம்புல இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வராது." இரண்டு கம்பை ஆட்டிக் கியர் மாற்றுகிற அந்தப் பழைய பெட்டியில் வேகம் கூட்டுகிற ஓவர்டிரைவ் கிடையாது. ஆகவே வண்டி எவ்வளவு ஓடும் என்பது முழுக்க முழுக்கப் பூசணியின் கையில்.

"சரி, பின்னால என்ன போடட்டும்?" என்று கேட்டான் ஆர்விட்.

கேட்கவே தேவையில்லை. நெப்ராஸ்கா உள்ளங்கைபோலத் தட்டை; அங்கே போக ஆயிரத்து நூறு மைல். சின்னக் குழந்தைகூட நாலு பதினொன்று என்று சொல்லிவிடும்.

லவோன் வாளியிலிருந்து எழுந்தாள். காபி டம்ளரைக் கவிழ்த்து உதறினாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பாமலே சொன்னாள்: "உனக்கு எது சரின்னு படுதோ, அதைப் போடு."

கிளெம் வாயைப் பிளந்தான். அவள் போன பிறகு, "என்னடா இது, உலகம் அழியப் போகுதா?" என்றான். ஆர்விட்டுக்கு அது உறைக்கவில்லை. வருத்தத்தில் சொல்கிறாள் என்று நினைத்தான். மக்கு! எண்ணெயின் வாசனையை வைத்தே பேரிங் தேய்ந்திருப்பதைச் சொல்கிறவனுக்கு எதிரே நிற்கிற மனுஷி சொன்னது புரியவில்லை.

பத்து நாள் வேலை நடந்தது. எஞ்சின் உட்கார்ந்தது, கிளட்ச் உட்கார்ந்தது. ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும், இவளை அனுப்புகிற வேலையை நானே செய்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வந்து எட்டிப் பார்ப்பாள். "முடிஞ்சுதா?" என்பாள். "இன்னும் கொஞ்சம்," என்பான். போகாதே என்ற ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, ஸ்பேனர் எங்கே என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போய்விடும். அவளைப் பிடித்திருந்தது. அவள் பட்டறைக்குள் நுழைகிறபோது டீசல் வாடைகூட நன்றாக இருந்தது. இதை அவளிடம் சொல்ல என்ன தடை என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

பத்தாம் நாள் காலை நாலு பதினொன்றுப் பூசணிகளைக் கழுவித் துடைத்து ஓரமாக வைத்தான். சங்கிலியை இறக்கினான். கொக்கியை மாட்டப் போனவன் அப்படியே நின்றான். பிறகு, யாரோ பிடித்துத் தள்ளியதுபோல, சங்கிலியை இழுத்துக்கொண்டு போய் மற்ற ஜோடியில் மாட்டினான். மழையில் வயல் சேறாகும், சேற்றில் இழுவை வேண்டாமா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். மாட்டி முடித்ததும் ஆக்சிலின் மேல் வெள்ளைப் பெயிண்டில் பூசணியின் நம்பரை எழுதுவது அங்கே வழக்கம். அவன் எழுதவில்லை.

மறுநாள் காலை லவோன் தன் வீட்டுச் சாமான்களையெல்லாம் லாரியின் முதுகில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினாள். ஆக்சிலைக் குனிந்து பார்த்தாள். "நம்பரைக் காணோமே?"

"பெயிண்ட் தீந்துபோச்சு."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, வரட்டுமா?"

"பத்திரமா போ. ஐந்நூறு மைல்ல எண்ணெய் பாத்துக்கோ."

அரை மணி நேரத்தில் லாரி அலறிக்கொண்டு திரும்பி வந்தது. கதவைச் சாத்திய சத்தத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

"யோவ் ஆர்விட்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தியா? அதுவும் ஜோடிப் பூசணி! நெடுஞ்சாலையில ஏறி மிதிக்கிறேன் மிதிக்கிறேன், ஐம்பதுல கத்துது. பள்ளிக்கூட பஸ் என்னைத் தாண்டிப் போகுது, பிள்ளைங்க கை ஆட்டுதுங்க! ஐந்து இருபத்தொன்பது போட்டிருக்கியா இல்லியா?"

"போட்டிருக்கேன்."

"ஏன்?"

"சேறு... மேடு..."

"நெப்ராஸ்காவுல மேடுன்னா மாட்டுச் சாணிக் குவியல்தான். ஏன் போட்ட?"

ஆர்விட் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "தப்புதான். ரெண்டு நாள் குடு, மாத்தித் தந்துடறேன்."

லவோனின் முகம் சுருங்கியது. கோபமாக இருந்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும். அது கோபம் இல்லை. "பத்தொன்பது வருஷத்துல எவனையாவது என் கியரைத் தீர்மானிக்க விட்டிருக்கேனா?" என்றாள், மெதுவாக. "உன்னை விட்டேன். உன் மனசை நீயும் சொல்லிட்டன்னு நெனச்சுத்தான் சண்டை போடத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தேன்யா. நீ என்னடான்னா மாத்தித் தர்றேங்கிற."

அவன் வாயைத் திறந்தான். "டீசல்... போதுமா?" என்றது அந்தப் பாழாய்ப்போன வாய்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஐம்பது மைல் வேகத்துலதான் போறேன். பிடிக்கணும்னு நெனக்கிறவன் எவன் வேணும்னாலும் பிடிக்கலாம்." லாரி போய்விட்டது.

ஆர்விட் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் கியர் மாற்றுகிற சத்தம் ஆற்றங்கரை வளைவு வரைக்கும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. கிளெம் எதிர்க் கடையிலிருந்து கத்தினான்: "என்னடா, சாமி சிலை மாதிரி நிக்கிற?" அவன் நின்றுகொண்டு கணக்குப் போட்டான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. அவள் ஐம்பது, அவனுடைய பிக்கப் வண்டி அறுபது. இங்கே ஒரு நிமிடம் நின்றால் ரோட்டில் ஐந்து நிமிடம் துரத்த வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தான். இருபது நிமிடம் நின்றிருக்கிறான். நூறு நிமிடம், நூறு மைல், அதற்குள் லாரி பக்கத்து மாநிலமான மொன்டானாவின் எல்லையைத் தாண்டிப் போய்விடும். பத்தொன்பது வருஷத்தை ஐந்தால் பெருக்கப் போனவன், அடச்சீ என்று சாவியைத் தேடி ஓடினான். பட்டறையைப் பூட்டவில்லை.

வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். போகாதே லவோன். லவோன், போகாதே. சொல்ல எவ்வளவு நேரமாகிறது? ஒரு கியர் மாற்றுகிற நேரம்கூட இல்லை.

நூறு மைல் ஆகவில்லை. நாற்பத்தைந்தாவது மைலில், கணவாய் அடிவாரத்தில், பனிக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுகிற திடலில் லாரி நின்றுகொண்டிருந்தது. வண்டிப் படியில் லவோன் உட்கார்ந்திருந்தாள். பிக்கப்பிலிருந்து குதித்து ஓடினான் ஆர்விட்.

"என்னாச்சு? எஞ்சினா? சூடாயிடுச்சா?"

"எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்ல," என்றாள் அவள்.

மூச்சு வாங்கியது அவனுக்கு. "போகாதே," என்றான். "அதுக்குத்தான் அந்தக் கியரைப் போட்டேன். வேற எதுக்கும் இல்ல. நீ போயிட்டா நான்... வெள்ளிக்கிழமை வந்தா நான் என்ன பண்ணுவேன் லவோன்?"

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டாள், அவன் உட்கார்ந்தான். இருவர் தோளும் ஒட்டிக்கொண்டிருந்தன. மரம் ஏற்றிய லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே இறங்கிப் போனது. நாளைக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். தெரியட்டும்.

"இதைப் பத்து நாளைக்கு முன்னால சொல்லியிருந்தா கெய்லீனுக்கு அறுவடைக்கு வேற ஆளைப் பாத்துக் குடுத்திருப்பேன்," என்றாள். "இப்போ வாக்குக் குடுத்துட்டேன்யா. அவ புருஷன் படுத்துக் கிடக்கான், புல்லு நிக்குது. அக்டோபர் வரைக்கும் நாலு அறுப்பு இருக்கு."

"தெரியும்."

"ஐம்பது மைல் வேகத்துல நெப்ராஸ்கா போய்ச் சேர மூணு நாள் ஆகும். அத்தனை நாளும் உன்னைத் திட்டிக்கிட்டே போவேன்."

"திட்டு," என்றான். பிறகு, மனசே இல்லாமல், ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று, "நாலு பதினொன்னு ஜோடியை பிக்கப்ல போட்டு அங்க கொண்டுவந்து மாத்தித் தரட்டுமா? அறுவடைக்கு அதுதான் சரி," என்று கேட்டான்.

லவோன் எழுந்தாள். கதவைத் திறந்து, முதல் கம்பைத் தட்டி, இரண்டாவது கம்பைத் தட்டினாள்.

"ஒண்ணும் வேணாம். அந்தக் கியர் அப்படியே இருக்கட்டும்," என்றாள். "திரும்பி வர்றப்போ இந்த மலையை நான் ஏற வேண்டாமா?"