தடை செய்யப்பட்ட கல்யாண கேசட்

சென்னையில் ஒரு திரைப்பட விழாவுக்குப் போய்வந்ததிலிருந்து, கும்மிடிப்பூண்டியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஷைனிக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே ஒரு சோவியத் காலத்துப் பெண் இயக்குநரின் படத்தைப் பார்த்திருந்தாள். அந்த அம்மா யார் பேச்சையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்குப் படமெடுத்தாராம்; அரசு அதை வருஷக்கணக்கில் பூட்டி வைத்ததாம்; அப்போதும் அவர் அசரவில்லையாம்.

அடுத்து வந்தது சாம்சன் மாமா மகள் கல்யாணம். மேடையில் பரிசைக் கொடுத்துவிட்டு கேமராவைப் பார்த்தபடி நின்ற சொந்தக்காரர்களை விட்டுவிட்டு, பந்திக்குப் பின்னால் அண்டா கழுவிய கைகளையே ஷைனி எடுத்துத் தள்ளினாள்.

“என் மச்சான் மோதிரம் போட்டது எங்கம்மா? ஊட்டுக்கு வந்து கேக்குறாங்கோ, இன்னா சொல்றது? இந்தக் கேசட்ட யாருக்கும் போட்டுக் காட்டவே கூடாது!” என்று மாமா குதித்தார்.

தன் படத்துக்கும் தடை வந்துவிட்டதென்று ஷைனி உள்ளுக்குள் பூரித்துப்போனாள்.

மறுமாதம் மாமா வீட்டுக்குப் போனபோதுதான், கேசட்டை யாரும் பூட்டி வைக்கவில்லை என்று தெரிந்தது. அத்தை அதன்மேல் டிவி நாடகத்தைப் பதிவு செய்திருந்தார். தன் படம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தவள், நாடகத்தில் மருமகள் மாமியாரை அறையக் கையை ஓங்கியபோது மூச்சுவிட மறந்தாள். சட்டென்று திரையில் அண்டா கழுவும் கைகள் வந்தன.

“ஐயே, அறைஞ்சாளா இல்லியா? நடுவுல இன்னாத்துக்கு இந்த அண்டா?” என்று அத்தைக்கும் முன்னால் கத்தியது ஷைனிதான்.