வாயில் கவ்விய பனையேறி

வருஷத்தில் ஒரு நாள்தான் அந்த ஏரியில் எல்லாரும் இறங்கி மீன் பிடிக்கலாம். சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் மணியக்காரர் கரையில் நின்று துண்டை வீசுவார். அதற்கு முன்னால் யார் கால் நனைந்தாலும் அபராதம். துண்டு வீசியாயிற்றென்றால் அப்புறம் அப்பன் மகன் என்று யாரும் பார்ப்பதில்லை. ராசிபுரத்துப் பக்கத்துச் சனமெல்லாம் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் பாயும்.

ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை. குஞ்சம்மாளுக்கு அதில் நல்ல கை. விராலைத் துரத்தவே கூடாது என்பாள். மற்றவர்கள் கலக்கி ஓய்ந்த இடத்தில் ஆடாமல் அசையாமல் நின்றால் மூச்சுக்காக அதுவே மேலே வரும். ஒரு குமிழி விட்டுவிட்டுக் கீழே போகும். குமிழி வெடித்த இடத்தில் கூடையைப் போடுகிறவன் மடையன். தலை திரும்பிய பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட வேண்டும். உள்ளே முட்டினால் கூடையை மார்பால் அமுக்கிக்கொண்டு, மேல்வாய் வழியே கையை விட்டு, இரண்டு செவுளையும் சேர்த்து நெரிக்க வேண்டும். வயிற்றைப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதற்கெல்லாம் இரண்டு கை வேண்டும்.

அன்று அவளுக்கு ஒரு கைதான். வலது கையை மாசி மாதம் அவள் புருஷன் சென்றாயன் உலக்கையால் அடித்து உடைத்திருந்தான். காரணத்தைக் கேட்டால் வயிறு எரியும். களி ஆறிப்போயிருந்ததாம்! மேட்டூர் அணைக்குக் கல் தூக்கிய உடம்பு. அணை வேலை முடிந்ததும் அந்தப் பலத்தையெல்லாம் வீட்டுக்காரியிடம் காட்டினான், நாசமாய்ப் போகிறவன். கட்டுப் பிரித்த பிறகும் அவளுக்கு விரல் மடங்கவில்லை.

அவள் அண்ணன் குழந்தைவேல் வந்து அந்தக் கையைப் பார்த்தான். சென்றாயனின் முகத்துக்கு நேரே சொன்னான்.

“இன்னொருக்கா எந்தங்கச்சி மேல கை பட்டுதுன்னா, உன்னய உசுரோட உட மாட்டேன்.”

குழந்தைவேல் சொன்னால் செய்கிற ஆள். குஞ்சம்மாளுக்கு அதுதான் பயம். அடி அவளுக்குப் பழகிவிட்டது. தனக்காக அண்ணன் கொலைகாரனாகித் தூக்கில் தொங்குவானே என்று நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் விழுந்த அடிகளை அவன் காதுக்கு எட்டாமல் மறைத்துவிட்டாள்.

ஆனால் ஏரிக்குள் எதை மறைப்பது? வெயில் ஏறும் முன்பே அவளுடைய ஊத்தாவில் தொடைக் கனத்தில் ஒரு விரால் விழுந்துவிட்டது. இடது கையால் துழாவினாள். கூடை பிய்ந்துவிடும்போல அது முட்டியது.

சென்றாயன் அப்போதுதான் ஒரு பனையேறிக் கெண்டையைப் பிடித்திருந்தான். பெரிய விராலைக் கண்டதும் இரண்டு கையும் காலியாக வேண்டியிருந்தது. அந்த ஊரில் எல்லாரும் செய்கிற கிறுக்குத்தனத்தையே அவனும் செய்தான். துள்ளுகிற மீனைத் தலைப்பக்கம் உள்ளே இருக்கும்படி வாயில் கவ்விக்கொண்டான். அப்படியே வந்து பெண்டாட்டியின் முகத்தில் முழங்கையால் ஓங்கி இடித்தான். அவள் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. விழுந்தவளைக் காலால் எத்தித் தள்ளிவிட்டுக் கூடைக்குள் இரண்டு கைகளையும் விட்டான்.

குழந்தைவேல் பக்கத்தில்தான் நின்றிருந்தான். பாய்ந்து வந்து சென்றாயனின் பிடரியில் முஷ்டியை இறக்கினான். சென்றாயனின் வாய் பிளந்தது. இடம் கிடைத்த மீன் அவன் தொண்டைக்குள் பாய்ந்தது. அது தெரியாமல் குழந்தைவேல் அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தைச் சேற்றில் அமுக்கினான்.

“அண்ணா, மீனு! தொண்டைல மீனு!” என்று குஞ்சம்மாள் கத்தினாள்.

பக்கத்திலிருந்தவர்கள் அவனைப் புரட்டிப்போட்டார்கள். சென்றாயனின் கண் பிதுங்கிவிட்டது. உள்நாக்கருகே மீனின் வால் மட்டும் துடித்தது. யாரோ அதைப் பிடித்து இழுத்தார்கள். ரத்தம்தான் வந்தது. பனையேறியின் செவுள் ஓரம் முழுக்க முள். இழுக்க இழுக்கச் செவுள் விரிந்து தொண்டைச் சதையில் குத்திக்கொண்டது.

“உடு அம்மிணி. சாவுட்டும்” என்றான் குழந்தைவேல்.

ஏரி முழுக்கச் சனம். அத்தனை பேரும் அவன் அடித்ததைப் பார்த்தவர்கள். இவன் செத்தால் சாயங்காலமே போலீஸ் வந்து அண்ணனை விலங்கு மாட்டிக்கொண்டு போகும். குஞ்சம்மாள் புருஷனின் நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றினாள். இடது கையை அவன் வாய்க்குள் திணித்தாள். அவன் பல் அவள் புறங்கையில் இறங்கியது. அவள் நிறுத்தவில்லை. இன்னும் உள்ளே போனாள். விரிந்து நின்ற செவுளை இரு விரலால் மூடி அழுத்தி, ஒரே வெட்டாக இழுத்தாள். மீனோடு கொத்தாக ரத்தமும் சதையும் வந்தன. அவள் புறங்கைத் தோல் அவன் பல்லிலேயே நின்றுவிட்டது.

சென்றாயன் கரகரவென்று மூச்சை இழுத்தான்.

அண்டை வீட்டுப் பூவாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தாலி கெட்டிடி உனக்கு! என்ன அடிச்சாலும் புருசன் மேல எம்புட்டு உசுரு வெச்சிருக்கறா பாருங்க!”

சென்றாயன் கண்ணில் நீர் வழியக் குஞ்சம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். அவள் வெடுக்கென்று உருவினாள்.

“இவம் மேல உசுரா?” என்றாள். “இவன் செத்தா எங்கண்ணனைத் தூக்குல போடுவாங்க. நாங் காப்பாத்துனது எங்கண்ணனைத்தானுங்க. இவன் பொளச்சது இவம் பாக்கியம்.”

பிறகு குழந்தைவேலிடம் திரும்பினாள். “வாங்கண்ணா, நம்ம ஊட்டுக்குப் போலாம்.”

சென்றாயனுக்கு எல்லாம் காதில் விழுந்தது. தடுத்து ஒரு வார்த்தை சொல்லக் கிழிந்த தொண்டையில் குரல் எழவில்லை. அவள் கையிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட, அண்ணனும் தங்கையும் கரை ஏறிப் போனார்கள்.