பொன்னம்மை கேட்ட ஜன்னல்

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் நயினார் பிள்ளை புது வீடு கட்டத் தொடங்கியபோது, அவர் மனைவி பொன்னம்மை கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடுக்களைக்குத் திறந்து மூடுகிற ஒரு ஜன்னல். பழைய வீட்டு அடுக்களையின் புகையைக் குடித்துக் குடித்து, மழைக்காலத்தில் படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறவள் அவள். கேட்டபோதெல்லாம் எல்லோரும் தலையாட்டினார்கள்.

வீட்டை வரைந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி தாணு. பம்பாயில் கட்டடப் படிப்பு முடித்தவன். அங்கே கடலோரத்தில் எழும்பிய புது மாதிரி வீடுகளைப் பார்த்து மயங்கி, அத்தான் வீட்டைக் கப்பல் போலக் கட்டுவேன் என்று நின்றான். மூலையெல்லாம் வளைந்தது. மாடிக்குக் கப்பல் தளத்துக் கம்பி வந்தது. நயினார் பிள்ளைக்கோ ஓர் அங்குலம் வீணாகாமல் சரக்கு அடுக்க இடம் வேண்டும். வாசல் அகலத்துக்குச் சண்டை, மாடிப்படிக்குச் சண்டை. இருவருக்கும் நடுவே காப்பி கொண்டுபோய்க் கொடுத்தே பொன்னம்மைக்கு அலுத்துவிட்டது.

புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு முந்தின நாள் அடுக்களையைப் பார்க்கப் போனாள். சுவரில் வட்டமாக ஒரு நீலக் கண்ணாடி பதிந்திருந்தது.

“லே தாணு, இது என்னது?”

“ஜன்னல், அக்கா.”

“எப்படித் திறக்கணும்?”

“இது திறக்காது. கப்பல்ல இப்படித்தான். காலம்பற வெயில் வரட்டும், தரையெல்லாம் கடல் மாதிரி நீலமா கிடக்கும்!”

“புகை எதுவழியா போவும்?”

தாணு தலையைச் சொறிந்தான். “புகைக்கூடு வரைஞ்சிருந்தேன். அத்தான்தான் வேண்டாம்னுட்டாரு.”

பொன்னம்மை மேலே பார்த்தாள். கூரைக்குக் கீழே, அடுப்புக்கு நேர் மேலே, இடைவெளி விட்டு அடித்த பலகைகள். அதன்மேல் சாக்கு மூட்டைகள்.

“மிளகாய் மச்சு,” என்றார் பின்னாலேயே வந்த நயினார் பிள்ளை பெருமையாக. “இந்த ஊர் மழையில சரக்கு பூசணம் பூத்துப் போவுதில்லா? இனி உனக்க அடுப்புச் சூடே காய வச்சிரும். ஜன்னல் திறந்தா சூடு போயிரும், பாத்துக்கோ.”

“அப்பொ நான்?”

“நீ சமைக்கணும். வேற என்ன?”

ஒரு செங்கல்லில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேரும் இந்த ஒரு ஜன்னலில் ஒற்றுமையாகிவிட்டார்கள். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் உறவெல்லாம் அடுக்களையில் கூடி நிற்க, அடுப்பு எரிந்தது. புகை மேலே போனது. மிளகாய் நெடி கீழே வந்தது. முதல் தும்மல் நாத்தனார் முத்தாரம்மாளுடையது. பிறகு யார் தும்மினார்கள் என்று கணக்கில்லை. பால் பொங்கியபோது பார்க்கப் பொன்னம்மையைத் தவிர ஒருவரும் இல்லை. அவளுக்கும் கண் தெரியவில்லை.

இருமிக்கொண்டே வெளியே வந்தாள். முன்ஹாலில் ஆறு ஜன்னல். ஆறும் திறந்திருந்தன. கொல்லையில் கொத்தனார் மிச்சம் போட்ட செங்கல்லில் மூன்றை எடுத்து வந்து, பளபளக்கும் சிவப்புத் தரையின் நட்டநடுவில் வைத்து விறகை மூட்டினாள்.

“கிறுக்கு பிடிச்சிட்டா உனக்கு? நாலு பேர் வந்து இரிக்க ஹாலாக்கும் இது!” என்று கத்தினார் நயினார் பிள்ளை.

“காத்து வருது. இனி இதுதான் அடுக்களை.”

“அக்கா, தரை கறுத்துப் போவும்!” தாணுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“கப்பல்ல தரை கறுக்காதோலே?”

விருந்துச் சமையல் அங்கேதான் நடந்தது. மறுநாளும் அங்கேதான். அதட்டினார்கள், கெஞ்சினார்கள். முத்தாரம்மாள் மட்டும் விறகை நகர்த்திக் கொடுத்தாள். தூத்துக்குடியிலிருந்து சரக்கு பேச வந்த வியாபாரி, கொதிக்கிற புளிக்கறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விலையை மறந்து சோறு கேட்டார். அன்றைக்கு நயினார் பிள்ளை கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

தாணு காகிதமும் பென்சிலுமாக வந்தான். “பாதி நிலா மாதிரி வரையட்டா?”

“நிலா வரை, சூரியன் வரை. திறக்கணும். புகைக்கூடும் வேணும்.”

“எனக்க சரக்கு?” என்றார் நயினார் பிள்ளை.

“ஹால்ல போடுங்க. நாலு பேர் வந்து இரிக்க இடம்தானே.”

உள்ளே அடுக்களைச் சுவரில் கொத்தனாரின் முதல் இடி விழுந்தது. தூசி பறந்து வந்தது. பொன்னம்மை தட்டை எடுத்துப் புளிக்கறியை மூடினாள். புது ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்க்கிறவரை ஹாலிலிருந்து அடுப்பை எடுப்பதாக இல்லை.